கல்யாண மண்டபத்தில் ஒரு கேசினோ

கேசினோவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஆனால் கேசினோ ஆட்டத்தை வைத்து ஒரு ரியாலிட்டி ஷோ எழுத இந்தத் தமிழ்நாட்டில் என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்று நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். ஒழுங்காக ரசம் வைக்கத் தெரியாமல் இரண்டு சமையல் போட்டிகளுக்கும், சுருதி எது தாளம் எது என்று புரியாமல் நான்கு பாட்டுப் போட்டிகளுக்கும் விதிகள் எழுதியவள் நான். இந்தத் தொழிலுக்கு அந்தந்த வித்தை தேவையில்லை. ஒருவர் தோற்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தால் போதும்.

பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் யோசனைகளுக்குத்தான் விதி எழுதிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது, சாப்பாடு சப்ளை செய்தவர் பெயருக்கு ஒரு வரி மேலே என் பெயர் வரும். கேசினோ ஷோ அப்படி இல்லை. யோசனை என்னுடையது, விதிகள் என்னுடையவை, முதல் பெயரும் என்னுடையதாக வர வேண்டும். அதில் எனக்கு வெட்கமே கிடையாது, ஆசைப்பட்டேன்.

சேனலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மேடம் என் கோப்பைப் படித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"கேசினோன்னா என்னன்னே தெரியாத நாலு பேரை உக்கார வச்சு ஆடவிட்டுக் காட்டு. நான் லேப்டாப்ல பாக்குறேன். நடுவுல எழுந்து போகாம கடைசிவரைக்கும் பாத்தேன்னா, திங்கட்கிழமை மீட்டிங்ல உன் ஷோ. இல்லன்னா மும்பையிலேர்ந்து ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுவோம். நீ அதுக்குத் தமிழ்ல எழுது."

கேசினோ தெரியாத நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குத்தான் போனேன். ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று கரண்ட் செலவுக்கு மட்டும் கிடைத்தது. மணமேடையில் பச்சை வெல்வெட் துணி விரித்த மேசை. டோக்கன்களை எதிரிலிருந்த ஃப்ளெக்ஸ் கடையில் வட்ட வட்டமாக வெட்டி வாங்கினேன், சிவப்பும் நீலமும். தோற்றவர் நடந்து போவதற்கு மேடையிலிருந்து வாசல்வரை சிவப்புக் கம்பளம். அது மாப்பிள்ளை அழைப்புக் கம்பளம், மண்டபத்துக்காரரே கொடுத்தார்.

ஆட்டம் எளிமையானது. ஆளுக்கு இருபது டோக்கன். ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாரும் நடுவில் டோக்கன் வைக்க வேண்டும். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்கு யார் நெருங்கி வருகிறாரோ அவர் மேசையில் உள்ளதை எல்லாம் அள்ளிக்கொள்வார். தாண்டினால் அந்தச் சுற்றில் அவுட். கேசினோவில் எல்லாரும் கேசினோவிடம்தான் தோற்பார்கள், ஆனால் கேசினோவுக்கு முகம் கிடையாது. டிவிக்கு முகம் வேண்டும். அதனால் மனிதரிடமே மனிதர் தோற்கிற மாதிரி மாற்றினேன். இந்த ஒரு மாற்றத்துக்காகவே எனக்குச் சம்பளம் உயர்த்தியிருக்க வேண்டும். ஜெயிப்பவருக்கு ஒரு புது மிக்சி. பெட்டியோடு நாதஸ்வரக்காரர்கள் உட்காரும் இடத்தில் வைத்திருந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சீட்டுக்கட்டு இருக்குதா?"

"இருக்கும்மா. ஆனா பணம் கிடையாது. டோக்கன்தான். இது போட்டி."

"சீட்டு இருந்தா சூதாட்டம்தான். எனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். அப்பா சீட்டாடித்தான் எங்கள் நிலம் போனது. கரும்பு வெட்டி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பி, ஆலைப் பணம் பட்டுவாடா ஆன கையோடு தியாகதுருகத்துக்குப் பஸ் ஏறுவார். அங்கே ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் சீட்டு ஓடும். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. சாயந்திர பஸ்சில் சிரித்துக்கொண்டேதான் வந்து இறங்குவார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் நான் இன்றுவரை ஒரு சீட்டுக்கட்டைப் பார்த்ததில்லை.

மறுபடி மறுபடி கெஞ்சியதில் அம்மா சமைக்க மட்டும் ஒத்துக்கொண்டாள். மண்டபத்துச் சமையல்கட்டோடு சரி, மேடைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆட வந்த நான்கு பேர்: மூங்கில்துறைப்பட்டில் கரும்பு ஏற்றும் ட்ராக்டர் டிரைவர், முப்பது வயது இருக்கும். தியாகதுருகத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மிக்சிப் பெட்டியைப் பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை. திருக்கோவிலூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி போடும் ஒரு பெரியவர், காலை பஸ்சில் இறங்கியிருந்தார். மலைக்குக் கடைசி பஸ் சாயந்திரம், அதை விட்டால் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும் என்று என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஆட்டம் அருமையாகத் தொடங்கியது. லேப்டாப் திரையில் மேடம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் தையல்கார அக்காவின் கடைசி டோக்கனும் டிரைவரிடம் போய்விட்டது. நான் ஸ்பீக்கரில் சோக இசையைப் போட்டேன். விளக்கைக் குறைத்தேன். அக்கா எழுந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் தன் குவியலிலிருந்து ஐந்து டோக்கனை எடுத்து நீட்டினார்.

"யக்கா, இந்தாங்க. பஸ் செலவுக்கு வெச்சிக்கங்க."

நான் ஓடினேன். "அதெல்லாம் குடுக்கக் கூடாதுங்க. அவங்க தோத்துட்டாங்க, போகணும்."

"போவட்டும்மா, யாரு வேணான்னது? அதுக்காகத் தொடச்சி எடுத்துக்கினு வெறுங்கையோட எப்படி அனுப்புறது?"

"ஆமாம்மா," என்றார் ஜெராக்ஸ்காரர். "சீட்டுல ஜெயிச்சவரு பஸ் காசு குடுத்துத்தான் அனுப்பணும். அது மொற."

அக்கா அந்த ஐந்தை வாங்கிக்கொண்டு திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். "பஸ்சு சாயந்திரம்தானே. அதுவரைக்கும் ஆடுறேன்."

ஆடினார், ஜெயித்தார். அடுத்து ஜெராக்ஸ்காரர் காலியானார், அக்கா அவருக்கு ஐந்து கொடுத்தார். பிறகு மலைக்காரர். பிறகு டிரைவரே. சாப்பாட்டு வேளை வந்தபோது அத்தனை பேரும் மேசையிலேயே இருந்தார்கள். சோக இசையை நான்கு முறை போட்டு நான்கு முறை நிறுத்தியிருந்தேன். ஒருவர் வெளியேறினால்தான் அது ரியாலிட்டி ஷோ. யாருமே வெளியேறாவிட்டால் அதற்குப் பெயர் விருந்து.

"நான் ஒரு காபி போட்டுக்கிட்டு வரேன்" என்றார் மேடம். திரையில் காலி நாற்காலி தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் மேசையைத் தட்டிப் புது விதி சொன்னேன். யாரும் யாருக்கும் ஒரு டோக்கன்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருமே அவுட். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் தொழிலில் அதுவரை பார்த்ததில்லை. அக்காவிடம் ஒரே ஒரு டோக்கன் மிஞ்சி, அதை அவர் நடுவில் வைத்தார். டிரைவர் கையில் இருபது. அப்படியே நிறுத்தினால் ஜெயம். அவர் இன்னொரு சீட்டு கேட்டார். தாண்டிவிட்டது. ஜெராக்ஸ்காரர் கையில் பத்தொன்பது, அவரும் இன்னொரு சீட்டு கேட்டார். மலைக்காரரும் கேட்டார். மூன்று பேரும் தாண்டி, பதினான்கு வைத்திருந்த அக்கா எல்லாவற்றையும் அள்ளினார். அடுத்து டிரைவர் ஒற்றை டோக்கனுக்கு வந்தார், மற்ற மூவரும் அவருக்காகத் தோற்றார்கள். கொடுக்கக் கூடாது என்றுதானே நான் சொன்னேன், தோற்கக் கூடாது என்று சொல்லவில்லையே! கடைசி டோக்கனை எடுக்க அந்த மேசையில் ஒருவருக்கும் கை வரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஜெயிக்கத்தானே வந்தீங்க? மிக்சி வேணாமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"வேணும்மா," என்றார் மலைக்காரர் பணிவாக. "ஆனா யாருனா ஒருத்தரு என்னை ஜெயிச்சி அனுப்பிவுட்டா தேவலாம். பஸ்சு போய்டும்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் லேப்டாப்பைப் பார்த்தேன். மேடம் திரும்பி வந்திருந்தார். காபி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அவர் சீட்டுகளைப் பார்க்கவில்லை, ஜெயித்த டோக்கன்களை அள்ளத் தயங்கும் டிரைவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. ஷோ இதுதான்! யார் ஜெயிப்பார் என்பது இல்லை. ஜெயித்தவர் கொடுப்பாரா, யாருக்குக் கொடுப்பார், யாரை வெறுங்கையோடு அனுப்புவார்? உலகத்தில் எந்தக் கேசினோ நிகழ்ச்சியிலும் இது இருக்காது. பஸ் செலவைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஜெயித்தவர் இஷ்டம் என்று விதியை மாற்றுகிறேன் என்றேன். "இது வேலைக்கு ஆகும்," என்றார் மேடம். "முதல்லேர்ந்து இன்னொரு ஆட்டம் முழுசா ஆடிக் காட்டு." தலை கால் புரியவில்லை எனக்கு. பத்து நிமிஷம் இடைவேளை சொல்லிவிட்டு சமையல்கட்டுக்கு ஓடினேன்.

அம்மா மதியத்துக்கு மேல் கொடுக்க வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இப்படிச் சிரிச்சிக்கினு வர்ற?"

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பஸ் செலவு முறை, கடைசி டோக்கன், மேடம் சொன்னது. சொல்லச் சொல்ல இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்பா சாயந்திரம் வந்து இறங்கியதும் சொல்வார், "நல்ல மனுஷங்கம்மா. கையில பஸ் காசு குடுத்துதான் அனுப்புனாங்க." அந்த நல்ல மனிதர்களை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டிருக்கிறேன்.

"அப்பாவுக்கும் இப்படித்தானம்மா குடுத்து அனுப்புவாங்க?" என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"நீயும் அத நம்பிக்கினுதான் இருக்கியா, இத்தினி வருஷமா?"

வடைத்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எதுக்குடி குடுத்தானுங்க பஸ் காசு? அவரு நடந்து வந்திருந்தா வழியெல்லாம் யோசிச்சிக்கினு வந்திருப்பாரு. கால் வலிச்சிருக்கும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் புத்தி வந்திருக்கும். பஸ்ல ஏத்திவுட்டானுங்க. ஜன்னலோரம் ஒக்காந்து காத்து வாங்கிக்கினு வந்து எறங்குனாரு. மறுநாள் அதே பஸ்ல போனாரு. நாளைக்கு வாங்கன்னு சொல்லித்தான் அந்தக் காச கையில வெப்பானுங்க. அது பஸ் காசு இல்ல. அட்வான்ஸு."

எனக்கு முகம் எரிந்தது. அவமானம்தான், வேறு வார்த்தை இல்லை. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தோற்றுப்போனவருக்குக் கேசினோ இலவச அறையும் சாப்பாடும் கொடுத்துத் திரும்ப வரவைக்கும் என்று என் கோப்பில் நானே எழுதியிருந்தேன், சுவாரசியமான தகவல் என்ற தலைப்பில். காலையில் அக்கா ஐந்து டோக்கனை வாங்கிய கையோடு திரும்ப நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்ணாலும் பார்த்தேன். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் நான் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. இடைவேளையில் இன்னும் சில நிமிஷம் மிச்சம் இருந்தது. மண்டப வாசல் அலங்காரத்தில் விட்டுப்போன மஞ்சள் தெர்மாகோல் ஒன்று சமையல்கட்டு மூலையில் கிடந்தது. அம்மாவின் அரிவாள்மணையில் அதை மூன்று வட்டங்களாக வெட்டினேன்.

"இதுதாம்மா இனிமே பஸ் செலவு. ஜெயிச்சவர் குடுக்கலாம். ஆனா இத மேசையில வைக்க முடியாது. வாங்குனா எழுந்து போயிடணும். டிவியில வரும்போது இதுக்குப் பரிசுப் பணத்துல ஒரு பங்கு உண்டு, வீட்டுக்குப் போனப்புறம்தான் கிடைக்கும்."

அம்மா ஒரு மஞ்சள் வட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மேடைக்குத் திரும்பினால் ஜெராக்ஸ்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் கூட்டமாம், கடைக்கு உடனே வரச்சொல்லி மனைவி போன். மேசைக்கு நான்கு பேர் வேண்டும். நான் ஃப்ளெக்ஸ் கடைக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும்போது, அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மணமேடை ஏறி வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் போடு."

"அம்மா, உனக்கு ஆடத் தெரியாதே."

"யாரு சொன்னது? உங்கப்பன வூட்டோட ஒக்கார வெக்கிறதுக்கு நானே கத்துக்கினேன். நீ பள்ளிக்கூடம் போனதும் புளியங்கொட்டை வெச்சி ஆடுவோம். மனுஷனுக்குப் புளியங்கொட்டை ருசிக்கல."

மஞ்சள் வட்டத்தின் விதியை எல்லாருக்கும் சொல்லி, ஆளுக்கு இருபது டோக்கனை மறுபடி எண்ணி வைத்தேன். சீட்டைப் போட்டேன்.

முதலில் மலைக்காரர் தோற்றார். அவரை ஜெயித்த அக்கா மஞ்சள் வட்டம் ஒன்றைக் கொடுத்ததும், விட்டது தொல்லை என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பளத்தில் ஓட்டமும் நடையுமாக பஸ் நிலையத்துக்குப் போனார். அடுத்த அரைமணி நேரம் அம்மா ஆடிய ஆட்டத்தை நான் எந்தக் கோப்பிலும் எழுதியிருக்க முடியாது. சீட்டைக் கையில் வாங்கியதும் ஒரே பார்வை, அப்புறம் எச்சில் விழுங்குகிறாரா என்று எதிராளியின் கழுத்தைப் பார்ப்பாள். டிரைவரின் டோக்கன்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் வந்தன. கடைசியில் அவரிடம் ஒன்றே ஒன்று. அவர் வைத்தார். அம்மா கையில் பதினெட்டு. இன்னொரு சீட்டு கேட்டுத் தோற்பாள் என்று டிரைவரும் எதிர்பார்த்தார் போல, சிரித்த முகமாக இருந்தார்.

அம்மா நிறுத்திக்கொண்டாள். அவளைவிட நெருங்கியவர் யாரும் இல்லை. கடைசி டோக்கனை எடுத்தாள்.

பிறகு இன்னொரு மஞ்சள் வட்டத்தை எடுத்து, எழுந்து மேசையைச் சுற்றி நடந்துபோய், அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"வூட்டுக்குப் போப்பா. நாளைக்கு வராத."

டிரைவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "செரிங்கம்மா" என்று எழுந்து கம்பளத்தில் மெதுவாக நடந்து போனார். சோக இசை போட எனக்குத் தோன்றவில்லை. மீதி ஆட்டத்தில் அம்மா அக்காவிடம் தோற்றாள். அக்கா மிக்சிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தியாகதுருகம் பஸ் ஏறினார். லேப்டாப்பில் மேடம் எழுந்திருக்கவே இல்லை.

"அந்தம்மா சொன்னாங்களே, அந்த வரிதான் ஷோ," என்றார். "ஒவ்வொரு வாரமும் வெளியே போறவங்ககிட்ட நம்ம தொகுப்பாளர் அதைச் சொல்லணும். பெரிய நடிகர் யாரையாவது போட்டுடலாம். கைதட்டல் பிச்சுக்கும்."

அந்த வரியை நடிகர் சொல்லலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஷோ கிடைத்ததில் அன்று நான் ஜெயித்துவிட்டேன், அது அவளுக்கும் தெரியும்.

"நடிகரு சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள். "நானுந்தான் தெனமும் சொன்னேன், போகாதீங்க போகாதீங்கன்னு. கால்ல விழுந்துகூடச் சொன்னேன். தோத்தவன் பொண்டாட்டி சொன்னா எவன் கேப்பான்? அந்த மில்லுப் பின்னால ஜெயிச்சவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், பஸ் காசு குடுக்கும்போது சொல்லியிருந்தான்னா, உங்கப்பன் கேட்டிருப்பாரு."

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டேன். தொகுப்பாளர் சொன்னால்தான் விளம்பரத்துக்கு எடுபடும் என்றார்கள். ஷோ வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். கோப்பில் கடைசி விதியாக அது இருக்கிறது, நானே என் கையால் எழுதியது: மஞ்சள் டோக்கனைத் தருகிறவர், வாங்குகிறவரின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் போங்கள், நாளைக்கு வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். இதை ஜெயித்தவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது.